பிஞ்சைக் காட்டிய விரல்

மாதர் சங்கத்துக்கு வந்த தேனீப் பெட்டிகள் எல்லாம் இரண்டே மாதத்தில் காலி. தேனீ பறந்து போய்விட்டது; பெட்டிகளில் மிளகாயும் புளியும் கொட்டி வைத்துக்கொண்டார்கள். நான் அப்போது கிராம சேவிகா. காஞ்சிபுரத்தில் ஒரு வாடகை அறை, மிதிக்க ஒரு சைக்கிள், சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்குத் தையல், காய்கறித் தோட்டம் என்று எதையாவது சொல்லிக்கொடுக்கிற வேலை. பெட்டி ஏன் காலியானது என்று மேலதிகாரி கேட்டார். பூ எங்கே, எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் பெட்டியை மட்டும் வைத்தால் தேனீ மண்ணையா தின்னும் என்று கேட்டுவிட்டேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

அப்படி ஆரம்பித்ததுதான் அந்த நடை. ஐப்பசி மழை விட்டதும் ஒன்று, மார்கழியில் ஒன்று, பங்குனியில் ஒன்று, ஆடிக் காற்றில் ஒன்று. திருப்பருத்திக்குன்றத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வேகவதிக் கரை, ஏரிக்கரை, சில தடவை கூரம் வரைக்கும் போவோம். எந்தச் செடி எப்போது பூக்கிறது, அதில் எது வந்து உட்காருகிறது என்று பார்ப்போம். தும்பையில் கொசுத்தேனீ, எருக்கில் கருவண்டு. ஆவாரம்பூவில் அதே கருவண்டு உடம்பை நடுக்கி நடுக்கி மகரந்தத்தை உதிர்க்கும். பிறகு ஏதாவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பூவைப் பிய்த்துப் பிரித்துக் காட்டுவேன். "பூப்பறிக்கப் போறாளுங்கப்பா மகாராணிங்க" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். களை எடுக்கவும் தண்ணீர் தூக்கவும் தவிர வேறு எதற்கும் ஊரைவிட்டு வராத பெண்கள் அவர்கள்.

ஒருத்தி மட்டும் ஒரு நடைக்கும் தவறியதில்லை. வாலாஜாபாத்திலிருந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இருபத்தைந்து வயது இருக்கும். கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. மாமியார் தன் மகனுக்கு வேறு பெண் தேட ஆரம்பித்திருந்தது ஊருக்கே தெரியும். புருஷன் காஞ்சிபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். அதிர்ந்து பேசமாட்டான். தூரத்து நடை என்றால் அவளைக் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "பத்திரமா இட்டுக்கினு வாங்கம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவான். அவனைப் பார்த்தால் இவளைக் கைவிடுகிறவன் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

ஒரு மார்கழி நடையில், ஊர்க்கோடியில் ஒரு பெரியம்மாவின் கூரைமேல் படர்ந்திருந்த பரங்கிக் கொடிக்குக் கீழே நின்றிருந்தோம். பெண் பூ எது, ஆண் பூ எது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். ஆண் பூ நீளக் காம்பில் வெறும் பூவாக நிற்கும். அவளுக்கு என்ன சந்தோஷமோ, "அதோ அக்கா, அங்க ஒண்ணு" என்று விரலை நீட்டிவிட்டாள்.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பது அங்கே குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. யார் நீட்டினாலும் நாலு திட்டு விழும். நீட்டியது பிள்ளை இல்லாதவள் என்றால் கேட்கவே வேண்டாம். "கைய மடக்குடி" என்றாள் கொடிக்காரப் பெரியம்மா. அவள் விரலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே பிஞ்சுகள் மஞ்சளாகச் சுருங்கி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மாமியாருக்கு அது போதுமானதாக இருந்தது. "கொடியே தாங்கல, என் வூடு தாங்குமா?" என்று தெருக்குழாயடியில் நின்று கேட்டாளாம். தையில் முகூர்த்தம் வைத்துவிடப் போவதாகவும் சொன்னாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடிகிற நேரத்துக்கு அந்தக் கொடியடியில் போய் நின்றேன். நின்ற கொஞ்ச நேரத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. மார்கழி மாதம், வாசலுக்கு வாசல் கோலம், கோலத்தில் சாணி உருண்டை, உருண்டைமேல் பரங்கிப் பூ. தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் கூடையோடு வந்து பறித்தார்கள். பிஞ்சுள்ள பூவைத் தொடக்கூடாதென்று அவ்வளவு அக்கறையாக, நீளக் காம்புப் பூவாகவே பார்த்துப் பார்த்து, ஒன்று விடாமல் பறித்தார்கள். தேனீ எழுந்து வருகிறபோது கொடியில் ஒரு ஆண் பூ இல்லை. மகரந்தம் இல்லாமல் பிஞ்சு எப்படி நிற்கும்? இதற்கு ஒருத்தியின் விரல்மேல் பழி.

அடுத்த வகுப்பை அந்தக் கொடியடியிலேயே வைத்தேன். பெண்பிள்ளைகளிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்சம் ஆண் பூக்களை விடச்சொன்னேன். பூவின் இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். தேனீ செய்கிற வேலைதான். இதை அவள்தான் செய்ய வேண்டும் என்றேன். பெரியம்மா முடியாது என்றாள். "இது காய்க்கலேன்னா உங்க கொடிக்கு நான் ஜவாப்" என்று நானும் விடவில்லை.

அவள் ஒவ்வொரு பூவாகத் தடவினாள். தடவிய ஒவ்வொரு பூவின் காம்பிலும் அடையாளத்துக்கு ஒரு துண்டுப் பட்டு நூலைக் கட்டினாள். திரும்பும்போது, "இது நின்னுடணும்க்கா. நின்னுட்டா என் கைய யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க இல்ல?" என்று கேட்டாள். நிற்கும் என்றேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். ஒரு புழு, ஒரு பெரிய மழை போதுமே, எல்லாவற்றையும் கெடுக்க.

பிஞ்சுகள் நின்றன. நூல் கட்டியவை அத்தனையும் முதலில் எலுமிச்சை அளவாகி, பிறகு தேங்காய் அளவாகின. பெண்களெல்லாம் கூடி வந்து பார்த்தார்கள். பெரியம்மா அவள் முகவாயைத் தொட்டு, "தங்கமான கைடி உனக்கு" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்ப பிஞ்சு வுழுந்தா அது பொம்பளப் பூ மேல தப்பில்ல. தூள் வரலைன்னு அர்த்தம். சேவிகாம்மா பாடத்த உன் மாமியாருக்குப் போய்ச் சொல்லுடி" என்று சேர்த்துக்கொண்டாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எத்தனை நாள் வயிற்றெரிச்சல், சிரிக்காமல் என்ன செய்ய? அவள் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "அப்படிலாம் பேசாதீங்கம்மா, அவரு காதுல வுழப் போவுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். கூச்சப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பேச்சு அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. டீக்கடையில் ஆண்கள் அதை இன்னும் காரமாக்கினார்கள். சைக்கிள் கடையில் எவனோ ஒருவன், "தூள் இருக்குதா நைனா?" என்று கேட்டானாம். அதுவரை இழுத்துக்கொண்டிருந்த மாமியார் ஒரே வாரத்தில் பெண்ணை நிச்சயம் செய்துவிட்டாள். மகன் ஆம்பளை என்று ஊருக்குக் காட்ட வேண்டுமே.

நான் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதல் பெண்டாட்டி இருக்கும்போது இன்னொரு தாலி கட்டினால் ஜெயில் என்று கத்தினேன். மாமியார் பதறவே இல்லை. "அவளே சரின்னுட்டா. உனக்கு இன்னாம்மா?" என்றாள். அவன் முற்றத்தில் குந்தியபடி சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நான் இருந்த நேரம் முழுக்கத் தலை நிமிரவில்லை. அவள் உள்ளேயிருந்து வந்து, "எனக்குச் சம்மதம்தான்க்கா. நீங்க போங்க" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். உனக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறேன், நீ மண் மாதிரி நிற்கிறாயே என்றேன். தையில் ஒரு கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை.

அதன் பிறகும் அவள் நடைக்கு வந்தாள். யாரோடும் பேசமாட்டாள். பூவைப் பார்ப்பாள், வண்டைப் பார்ப்பாள், கடைசியாக நடந்து வருவாள். பெட்டிகளில் சிலவற்றில் தேனீ மறுபடி குடியேறியது. எனக்கு ஆபீசில் நல்ல பேர் கிடைத்தது. அதெல்லாம் எனக்கு ஒன்றும் இனிக்கவில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. புதிதாக வந்தவளுக்கும் குழந்தை இல்லை. ஊரில் அத்தனை பேருக்கும் கணக்குப் புரிந்திருக்கும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மூத்தவளின் பெருமூச்சு பட்டு வீடு விளங்கவில்லை என்று பேச ஆரம்பித்தார்கள். அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகும் என்று மாமியாரும் சொல்லிவிட்டாள்.

பங்குனி நடை கூரம் ஏரிக்கரையில். புங்க மரங்கள் பூத்துக் கொட்டிக்கிடந்தன, மரம் முழுக்கத் தேனீ இரைச்சல். மற்றவர்கள் தயிர்சோற்று மூட்டையை அவிழ்க்க முன்னால் போய்விட்டார்கள். அவள் என் பக்கத்தில் நின்று, "நாளைக்கு வாலாஜாபாத் போறேன்க்கா. இனிமே வரமாட்டேன்" என்றாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. "அன்னைக்கே பூவை வச்சுக் காட்டினேனே, தப்பு உன்மேல இல்லைன்னு. இப்பத்தான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே. இப்பவும் வாயத் திறக்காம மூட்டை கட்டுறியே" என்றேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும்க்கா" என்றாள்.

கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் ஆனதும் இருவரும் மாமியாருக்குத் தெரியாமல் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். டாக்டர் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார்: அவளிடம் ஒரு குறையும் இல்லை, அவனுக்குத்தான் பிள்ளை பிறக்க வழியில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் அழுதிருக்கிறான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

அந்தப் பெரியம்மா சொன்னதற்கு இவள் முகம் ஏன் வெளுத்தது என்று அப்போதுதான் விளங்கியது. "இன்னொரு பொண்ணோட வாழ்க்கைடி அது. அன்னைக்காவது நீ சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லமாட்டேன்னு நான்தானேக்கா சத்தியம் பண்ணேன், அவரு பண்ணலியே" என்றாள். "அவரு சொல்லுவாருன்னு பார்த்தேன். பொண்ணு பார்க்கப் போனப்போ சொல்லுவாருன்னு பார்த்தேன். மணையில உக்காந்தாரு, அப்பவும் பார்த்தேன். தாலி கட்டி முடிக்கிற வரைக்கும் அவரு மூஞ்சியவே பார்த்துக்கினு இருந்தேன்க்கா."