லைன் வேகத்தில் ஒரு பாட்டு

இதுவரை மூன்று பேண்டு நடத்தியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் வில்லன் ஃபேக்டரி வேலைதான். முதல் பேண்டு, ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் பிறந்தது. டிபன் பாக்ஸ்தான் டிரம்ஸ். அதைத் தட்டியவரை வேறு ஷிப்டுக்கு மாற்றினார்கள், பேண்டு காலி. இரண்டாவதில் ஒரு தூத்துக்குடிக்காரர் கீபோர்டில் பின்னியெடுத்தார். கான்ட்ராக்ட் முடிந்ததும் கீபோர்டோடு ஊருக்குப் போய்விட்டார். மூன்றாவதற்கு உஷாராகி, ஒரே ஷிப்ட் ஆட்களாகப் பார்த்துப் பிடித்தேன். பெண் கொடுப்பவர்கள்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள்.

கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே போனாலும் சினிமாப் பாட்டுதான் கேட்பார்கள். நான் எழுதியவை நோட்டிலேயே கிடந்தன. அதில் ஒன்று என் மனைவிக்காக எழுதியது. அவளுக்கு வேறு ஃபேக்டரி, வேறு ஷிப்ட். பென்னலூர் ஸ்டாப்பில் நான் இறங்கும் நேரத்துக்கு அவள் தன் பஸ்ஸுக்காக நிற்பாள். இரண்டு நிமிஷம் பார்த்துக்கொள்வோம். அதிலும் பாதி, "சோறு மூடி வெச்சிகீறேன்" என்பதிலேயே போய்விடும். 'என் பஸ்ஸு போவுது, உன் பஸ்ஸு வருது' என்று ஆற அமர நடக்கும் பாட்டு அது. நேரில் பாடிக் காட்ட எனக்குக் கூச்சம்.

எங்கள் ஃபேக்டரி ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். சூப்பர்வைசரைத் தாஜா பண்ணி, ஒரே ஒரு சொந்தப் பாட்டுக்கு அனுமதி வாங்கினேன். அவளும் லீவு போட்டுவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். இன்றைக்காவது அவள் காதில் இது ஒழுங்காக விழ வேண்டும் என்று தவித்தேன்.

எங்கள் ரிதம் பேட் வாசிப்பவர், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் காலை வேலையை முடித்துவிட்டு நேரே மேடைக்கு ஓடி வந்தார். நான் ஆரம்பித்தேன். அடித்தார் பாருங்கள், இரண்டு மடங்கு வேகத்தில்! திரும்பி, மெதுவாக என்று கையைக் காட்டினேன். பாராட்டுகிறேன் என்று நினைத்து இன்னும் உற்சாகமாகத் தலையாட்டினார். கீபோர்டுக்காரரும் அவர் பின்னாலேயே ஓடினார். வேறு வழியில்லாமல் நானும் ஓடினேன். பொரிகடலைப் பொட்டலத்தைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் ஆட ஆரம்பித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இறங்கியதும் பாய்ந்தேன். "இன்னாண்ணா இது, மெதுவா போற பாட்டாச்சே!"

"இன்னா?" என்றவர், மிஷின் சத்தத்துக்காகக் காதில் அடைத்திருந்த ஆரஞ்சு நிற இயர் பிளக்கைப் பிடுங்கினார். "அட, கழட்டவே மறந்துட்டேம்பா. ஒண்ணுமே கேக்கல. கை அது பாட்டுக்கு லைன் ஸ்பீடுல போயிகினு இருந்துச்சு."

கைதட்டல் ஓயவே இல்லை. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் அவளிடம் போய் நின்றேன்.

"நம்ம ஸ்டாப்பு பாட்டுதானே?" என்றாள். "நல்லாத்தான் கீது. ஆனா நமக்கு கெடைக்கிறதே ரெண்டு நிமிசம். அதுல ஏன் இப்டி ஓட்ற?"

இப்போது எங்கே போனாலும் அந்த வேகத்தில்தான் கேட்கிறார்கள். நாங்களும் சளைக்காமல் வாசிக்கிறோம்.

ஆனால் பூஜை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், ஸ்டாப்பில் இறங்கினேன். அவள் பஸ் வந்து நின்றது. கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு, நான் எழுதிய நடையிலேயே மெதுவாகப் பாடினேன். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் படியில் ஒரு காலை வைத்தபடியே உள்ளே பார்த்துச் சொன்னாள்:

"இருங்கண்ணா, பாட்டு முடியட்டும்."