வெள்ளையடித்த சுவர்

எழுபதுகளின் கடைசியில், மண்ணுக்கடியில் எண்ணெய் தேட வந்த ஒரு குழுவில் கேபிள் சுமந்தேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கு அதற்குமுன் எந்த வேலையும் மூன்று மாதம் நிலைத்ததில்லை. இந்த வேலை ஊர் ஊராக நகர்ந்தது. அதனாலேயே பிடித்திருந்தது.

அறுவடை முடிந்த வயலில் ஆழமாகத் துளை போட்டு வெடி வைப்பார்கள். ஜியோபோன் என்று கைக்குள் அடங்கும் ஒரு கருவி. அதன் முள்ளை மண்ணில் குத்தி வரிசையாக நட்டுக்கொண்டே போவோம். வெடித்ததும் அதிர்வு கீழே போய்ப் பாறையில் மோதித் திரும்பும். ஜியோபோன் அதை உணர்ந்து கேபிள் வழியே அனுப்ப, வண்டியில் இருக்கும் இயந்திரம் காகிதத்தில் கோடு கோடாக வரையும்.

"பூகம்பமும் இப்படித்தாம்ப்பா. அங்க வெடி கெடையாது. அடியில பாறை ரெண்டும் நெருக்கிக்கிட்டு நகர முடியாம நிக்கும். தாங்காத அன்னிக்கு சட்டுனு வழுக்கும்" என்றார் வண்டியில் இருந்த அதிகாரி.

சுரக்குடியில் வெடி வைத்த அன்று அக்கா வீட்டு மண்சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. அத்தான் கூலிக்குப் போகிறவர். மழைக்குள் அவரால் வேறு சுவர் எழுப்ப முடியாது. வெடியால்தான் என்று ஒப்புக்கொண்டால் குழுவே கட்டித் தரும்.

அதிகாரி காகிதத்தை எடுத்து வந்தார். "பாருங்கம்மா, இத்தனூண்டு ஆட்டம். அம்பகரத்தூர் பஸ்ஸு போனா இதவிட ஆடும்."

"பஸ்ஸு எங்க வீட்டுக்குள்ளயா சார் போவுது?" என்றாள் அக்கா. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "பொங்கலுக்கு வெள்ளையடிச்சதே என் தம்பிதாங்க. அவனையே கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "சொல்லுப்பா. விரிசல் முன்னாடியே இருந்துச்சா?"

மறுவாரம் குழு ஆந்திரா பக்கம் போகிறது. யாரை அழைத்துப்போவது என்பதை முடிவு செய்பவர் அவர்தான்.

"கொஞ்சம் இருந்துச்சு சார்."

அக்கா சுவரைத் தடவிப் பார்த்தாள். "சரிடா. நீ கெளம்பு" என்றாள். ஐப்பசியில் சுவர் விழுந்துவிட்டதாக அத்தான் கடிதம் எழுதினார். அக்கா எழுதவில்லை.

எண்பதுகளில் வடக்கே ஒரு மலையூரில் சாலை வேலையில் இருந்தபோது நிஜமாகவே பூமி ஆடியது. நான்கு நாள் கழித்து நோட்டுப் புத்தகத்துடன் ஒருவர் வீடு வீடாக வந்து பூகம்பத்தைப் பற்றி விசாரித்தார். இயந்திரம் வரைந்துவிடுமே, எங்களை எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். அளப்பதில் இரண்டு வகை உண்டு என்றார். கோட்டிலிருந்து கணக்கிடுவது பூகம்பத்தின் அளவு. அதில் ஒன்று கூடினால் மண் பத்து மடங்கு ஆடியிருக்கிறது என்று பொருள். அது ஒரு பூகம்பத்துக்கு ஒன்றுதான். ஒவ்வொரு ஊரிலும் அது என்ன செய்தது என்பது வேறு. பாறைமேல் நிற்கும் வீட்டைவிட வண்டல்மேல் நிற்கும் வீடு கூடுதலாக ஆடும். அதை அறிய, அங்கே இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பிறகு நான் தங்கியிருந்த கொட்டகையின் சுவரைக் காட்டிக் கேட்டார். எது பழைய விரிசல், எது புதிது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். நன்றாகக் கவனித்திருக்கிறாய் என்று சொல்லி எழுதிக்கொண்டார்.