கோமதி "தெரியலைங்க" என்று சொன்ன நாள்

கோமதி போய்விட்டார். இன்று காலை, மாரடைப்பு. அவர் தங்கை போனில் சொன்னபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்... பிரஷ் வாயில் இருக்க அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"மடைவாசல்" விவசாய நிகழ்ச்சியை ரேடியோவில் கேட்டவர்களுக்கு அவர் குரல் தெரியும். நேயர்களின் போன் கால்களை அவருக்கு இணைத்துக் கொடுத்தவன் நான்.

நிகழ்ச்சியை ஆரம்பித்தவர் அவர் அப்பா ராமலிங்கம் ஐயா. அவர் சொன்னால்தான் நாற்று விடுவோம் என்று இருந்தவர்கள் டெல்டாவில் நிறைய. அவர் ரிடையர் ஆனதும் மைக் மகளிடம் வந்தது.

முதல் சில மாதம் சுத்த சொதப்பல். அப்பா மாதிரியே இருமி, அப்பா மாதிரியே இழுத்துப் பேசினார் கோமதி. "ஐயாவோட பழைய டேப்பையே போடுங்க" என்று கடிதம் மேல் கடிதம்.

அவற்றை கேன்டீனில் அப்பா குரலிலேயே படித்துக் காட்டிச் சிரிப்பார். சிரித்துவிட்டு, டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்.

பொங்கலோடு நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு சினிமாப் பாட்டு போடலாம் என்று மேனேஜரும் சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் அந்த லைவ்...

பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ஒருவர் கேட்டார். "நட்டு இருபது நாளாச்சு மேடம். பயிரு திட்டுத் திட்டா மஞ்சளாயிடுச்சு. உரம் போட்டாச்சு, மருந்தும் அடிச்சாச்சு. என்னதான் பண்றது?"

கோமதி கொஞ்சம் யோசித்தார். "எனக்குத் தெரியலைங்க. தெரிஞ்சவங்க யாராச்சும் போன் பண்ணுங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. ரேடியோவில் உட்கார்ந்துகொண்டு தெரியலை என்பதா! கண்ணாடிக்கு வெளியே மேனேஜர் பாட்டைப் போடச் சொல்லிக் கை காட்டினார். கோமதி என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். நான் போடவில்லை.

முதல் போன் நன்னிலத்திலிருந்து. நடவு வேலைக்குப் போகும் ஓர் அக்கா.

"அது பள்ளமான எடமா இருக்கும் மேடம். நடும்போதே எங்களுக்குக் காலு புதையும். தண்ணிய வடிச்சிட்டு ரெண்டு நாள் காயப் போடச் சொல்லுங்க, பச்சை திரும்பிரும்."

அதுவரை நடவு ஆட்கள் யாருமே எங்களுக்கு போன் செய்ததில்லை. அன்றைக்கு லைன் ஓயவே இல்லை.

நடுவில் ஒரு பழகிய குரல். "கனெக்‌ஷன் குடுப்பா." ராமலிங்கம் ஐயா!

"ஐயா... முன்னாடி நாலு பேர் இருக்காங்க."

"இருக்கட்டும்பா. லைன்லயே இருக்கேன்."

அவர் முறை வந்தது. "நான்தாம்மா" என்றார்.

"பேரு, ஊரு சொல்லுங்க ஐயா" என்றார் கோமதி.

சொன்னார்! "ராமலிங்கம், மன்னார்குடி. எனக்கும் அதுக்குப் பதில் தெரியாதும்மா. நானா இருந்தா எதையாச்சும் சொல்லி ஒப்பேத்தியிருப்பேன்."

"நன்றிங்க ஐயா. அடுத்த நேயர் காத்திருக்காங்க."

லைனை மாற்றச் சொல்லி எனக்குக் கை காட்டினார். கண் நிறைந்திருந்தது, குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் கை தட்டினோம், மேனேஜர் உட்பட.

பொங்கல் போனது, மேனேஜரும் மாற்றலாகிப் போனார். மடைவாசல் போன வாரம் வரை கோமதியின் சொந்தக் குரலில் வந்தது.

போய் வாங்க கோமதி. பெரிய ஆளுங்க நீங்க.