நட்சத்திரம் கட்டிய வீட்டில் வண்டி நிற்கும்

போன டிசம்பரில், அட்வெந்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சபையின் கேரல் வேனில் நானும் போனேன். இதற்கு முன் இந்த வலைப்பூவில் சித்தன்னவாசலுக்கும் கடற்கரைக்கும் பஸ்ஸில் போய் வந்ததைப் பற்றி எழுதியிருக்கிறேன். இது சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை. ஆனாலும் அறுபத்து நான்கு கிலோமீட்டர், ஏறக்குறைய ஆறு மணி நேரம், ஒன்பது வீடுகள். "கேரல் வண்டியில் வெளியாட்களும் வரலாமா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி: பெயர் ரூத், வீடு புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறேன். எனக்குப் பேசக் கூச்சம். டவுன் பஸ்ஸில் என் ஸ்டாப் வரும்போது "இறங்கணும்" என்று சொல்ல வாய் வராது. வேறு யாராவது சொல்வார்களா என்று பார்ப்பேன். யாரும் சொல்லாவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடப்பேன். எத்தனையோ முறை நடந்திருக்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள்தான் அட்வெந்து. பீடத்தில் ஊதாத் துணி விரித்து, வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி கூட்டி ஏற்றுவோம். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனதும் வாசலில் நட்சத்திரம் கட்டிவிடுவார்கள். மூன்றாவது ஞாயிறு மதியம் கேரல், வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். டவுனுக்கு வெளியே எங்கள் சபைக் குடும்பங்கள் ஊருக்கு ஒன்று, இரண்டு என்று சிதறி இருக்கின்றன. அதனால் இரண்டு வண்டிகள். ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) போகும் வண்டி குன்றாண்டார்கோவில் பக்கம். அவர் மனைவி ஐயரம்மா வரும் வண்டி வல்லத்திராக்கோட்டை பக்கம். யாரிடமும் விலாசமோ போன் நம்பரோ கேட்பதில்லை. ஊர்ப் பெயர் தெரிந்தால் போதும். நட்சத்திரம் கட்டிய வீட்டில் வண்டி நிற்கும். எனக்கு நினைவு தெரிந்து இது தப்பியதே இல்லை.

நான் கேரலுக்குப் போகிற ஆள் இல்லை. என்னைப் போக வைத்தது ஜாஸ்மின் அக்கா. அவர் கிராம நர்ஸ். சொந்த ஊர் நாசரேத் பக்கம். ஐந்து மாதத்துக்கு முன் மாற்றலாகி, வல்லத்திராக்கோட்டையிலிருந்து உள்ளே போகும் ஒரு சின்ன ஊரில் வாடகைக்கு இருக்கிறார். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் சபைக் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார். அதனால் ஐயரைத் தவிர சபையில் யாருக்கும் அவர் முகம் சரியாகத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் கடைசி வரிசைதான்.

முதல் அட்வெந்து ஞாயிறன்று அவர் என் பக்கம் குனிந்து, "இந்தப் பக்கமெல்லாம் கேரல் வருவாங்களா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

"எங்க வீட்டுக்கும் வரச் சொல்லி ஐயர்ட்ட சொல்லியிருக்கேன். ஊர்ல நான் ஒருத்திதான் கிறிஸ்டியன். இந்த வருஷம் லீவு கிடையாது, வீட்டுக்குப் போக முடியாது. அதான் தெருவுல எல்லார்ட்டயும் சொல்லி வச்சுட்டேன், எங்க வீட்டுக்குப் பாட வருவாங்க, வந்து பாருங்கன்னு. நீயும் வா. முந்திரிக்கொத்து செய்யப் போறேன்."

முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்காகவும்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன்.

வேன் மதியம் 1.40க்குக் கோயில் வாசலிலிருந்து கிளம்பியது. பதினாறு பேர், ஒரு டிரம், இரண்டு டேம்பரின், ஒரு சாக்கு நிறைய மிட்டாய். வாடகை டீசலோடு 2,800 ரூபாய், அதைச் சபையே கொடுத்துவிட்டது. டிரைவர் கணேசன் அண்ணன் நான்கு வருடமாக எங்கள் கேரலுக்கு ஓட்டுகிறார். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். எங்கள் பாட்டெல்லாம் அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். மோசஸ் மாமா கிறிஸ்மஸ் தாத்தா. எலக்ட்ரீஷியன், நல்ல கனமான ஆள். டவுன் எல்லை தாண்டுவதற்குள் சிவப்பு உடுப்பும் முகமூடியும் பஞ்சுத் தாடியுமாக வேர்த்துக் கொட்டிவிட்டது.

"ஏப்பா, இந்தத் தாத்தா பனிப்பிரதேசத்துல இருந்துதான வாரான்? அவனுக்கு ஒரு வேட்டி சட்டை போட்டுவிட்டா என்ன கொறஞ்சு போயிரும்?" என்றார் முகமூடிக்குள்ளிருந்து.

"வேட்டியோட நீங்க ஆடுனா நாங்க வேன்ல இருந்து எறங்க மாட்டோம்" என்றார் ஐயரம்மா. வேன் குலுங்கச் சிரித்தார்கள். நான் கடைசி சீட்டில் மிட்டாய்ச் சாக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே முறைதான். வாசலில் நின்று முதலில் ஒரு பழைய கீர்த்தனை. வீட்டுக்காரர்கள் வெளியே வந்ததும் வேகமான ஒரு பாட்டு, அதற்குத் தாத்தா ஆடுவார். பிறகு ஐயரம்மா ஜெபம். பிறகு டீயும் முறுக்கும். நான்காவது வீட்டில் ஒரு சின்னப் பையன் தாத்தாவின் தாடியைப் பிடித்து இழுத்துவிட்டு, "அய்ய, நம்ம ஃபேன் ரிப்பேர் பண்ண வந்த மாமா!" என்று கத்தினான். மழை பெய்து மூன்று நாள் ஆகியிருந்தது. வரப்போரம் தண்ணீர் நின்றது, தைலமரக் காட்டுப் பக்கமிருந்து மருந்து மாதிரி ஒரு வாசனை வந்துகொண்டே இருந்தது. கோயிலில் பாடினால் சத்தம் கூரைக்குப் போய்த் திரும்பி வரும். வயலுக்கு நடுவில் பாடினால் போய்க்கொண்டே இருக்கும். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

வல்லத்திராக்கோட்டையில் இரண்டு வீடுகளை முடித்தபோது மணி 4.55. அதுவரை எட்டு வீடுகள். மிச்சம் ஒன்று, ஜாஸ்மின் அக்கா வீடு. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே. ஏழு மணிக்கு டவுனில் கீத ஆராதனை, அதில் பாட வேண்டியவர்களே இந்த வேனில்தான் இருந்தார்கள். அதனால் கணேசன் அண்ணன் கொஞ்சம் விரட்டினார்.

5.15க்கு ஊருக்குள் நுழைந்ததும், "அந்தா நட்சத்திரம்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். பெரிய நட்சத்திரம், மாடி வீட்டுக் கைப்பிடிச் சுவரில் கம்பு நட்டுக் கட்டி, உள்ளே கலர் பல்பு மாறி மாறி எரிந்தது. வேன் நின்றது. டிரம் ஒலித்தது. பாட்டு தொடங்கியது.

ஒரு அக்கா ஓடி வந்தார், பின்னால் ஒரு சின்னப் பெண். அவர் ஜாஸ்மின் அக்கா இல்லை. வீட்டுக்கார அம்மாவாக இருக்கும், அக்கா உள்ளே முந்திரிக்கொத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். இரண்டு பாட்டு முடிந்தது. தாத்தா ஆடி முடித்தார். ஐயரம்மா அந்த அக்காவின் தலையில் கை வைத்து, "கர்த்தாவே, சொந்த ஊரை விட்டு வந்து, இந்த ஊருத் தாய்மாரையும் பிள்ளைகளையும் கவனிச்சுக்கிற இந்த மகளை ஆசீர்வதியும்" என்று ஜெபித்தார். அந்த அக்கா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். ஐயரம்மா அவரைத்தான் நர்ஸ் என்று நினைத்துவிட்டார்.

தண்ணீர் வேண்டும் என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் கேட்டு உள்ளே போனேன். பெரியவர்களிடம் பேசுவதைவிட குழந்தைகளிடம் பேசுவது எனக்குச் சுலபம். கூடத்தில் விபூதி பூசிய முருகன் படம் இருந்தது.

"நர்ஸக்கா எங்க?" என்றேன்.

"அவங்க வீடு பின்னாடித் தெருவுல. அங்கிட்டும் ஸ்டார் இருக்கு, ஆனா சின்னது. அதைப் பாத்துட்டுத்தான் எனக்கும் வேணும்னு அழுதேன். கத்தார்ல இருந்து அப்பா காசு போட்டாங்க, அம்மா பெருசா வாங்கிட்டாங்க" என்றாள். பெயர் யாழினியாம்.

சொம்பை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். "சீக்கிரம் ஏறு ரூத்து, நேரமாச்சு" என்று ஐயரம்மா கையைப் பிடித்து இழுத்தார். "அம்மா..." என்றேன். டிரம் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை. வேன் திரும்பி, வந்த வழியே கிளம்பிவிட்டது.

முன்னால் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். யாராவது திரும்பிப் பார்த்தால் சொல்லிவிடலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் திரும்பவில்லை. ஒரு குளம் போனது. ஒரு முந்திரித் தோப்பு போனது. பதினாறு பேருக்கு முன்னால், எல்லோரும் தப்பு செய்துவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? அதே நேரம் ஜாஸ்மின் அக்கா தெருவில் ஊர்க்காரர்களோடு நின்றுகொண்டிருப்பது கண்ணுக்குள் வந்தது. என் ஸ்டாப்பைத் தவறவிட்டால் நான்தான் நடப்பேன். இதைத் தவறவிட்டால் அவர் அல்லவா ஊருக்கு முன்னால் நிற்க வேண்டும்?

மூன்று கிலோமீட்டர் கழித்து எழுந்து நின்றேன்.

"அண்ணே, எறங்கணும்!"

அந்தச் சத்தம் என்னிடமிருந்து வந்தது என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. கணேசன் அண்ணன் பிரேக்கைப் போட்ட வேகத்தில் டிரம் உருண்டு மோசஸ் மாமா மடியில் விழுந்தது.

"எறங்கணுமா? இந்தக் காட்டுல ஒனக்கு யாரு ஆத்தா இருக்கா?" என்றார் மாமா. பிறகு முகமூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அடி ஆத்தீ, பேசுனது நம்ம ரூத்தா?"

"அது நர்ஸக்கா வீடு இல்ல. அவங்க வீடு பின்னாடித் தெருவுல. அவங்க ஊர் பூராச் சொல்லி வச்சிருக்காங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப நான் யாரு தலையில கை வச்சு ஜெபம் பண்ணுனேன்?" என்றார் ஐயரம்மா மெதுவாக. முதலில் சிரித்தவர் கணேசன் அண்ணன்தான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

ஆனால் மணி 5.50. திரும்பிப் போனால் கீத ஆராதனை தாமதமாகும். ஐயரம்மா சபைச் செயலருக்குப் போன் போட்டார். "அரை மணி தள்ளி வைங்க. ஆமா, தெரியும். ஜனங்க ஒக்காந்திருக்கட்டும். அங்க ஒரு பொண்ணு நின்னுக்கிட்டு இருக்கு." அதோடு வைத்துவிட்டார். கணேசன் அண்ணன் யாரும் சொல்வதற்கு முன்பே வண்டியைத் திருப்பியிருந்தார்.

பின்தெருவுக்குள் வேன் நுழைந்தபோது நன்றாக இருட்டவில்லை, ஆனாலும் கணேசன் அண்ணன் விளக்குப் போட்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் ஜாஸ்மின் அக்கா தெரிந்தார். புதுச் சேலை, தலை நிறையப் பூ. இரண்டு கையிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு போனார். தெருக்காரர்கள் உட்காரக் கேட்டு வாங்கியவை. அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார். சின்ன நட்சத்திரம் வாசலில் தனியாக எரிந்தது.

வேனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நாற்காலிகளைக் கீழே வைக்கவே இல்லை.

"பாட்டுச் சத்தம் கேட்டுச்சு, இதோ வந்துருவாங்கன்னு இருந்தேன். அப்புறம் வண்டி போற சத்தமும் கேட்டுச்சு. என்னை மறந்துட்டீங்கன்னுலா நெனச்சேன்" என்றார்.

"மறக்கல தாயி, வீடு மாறிப் போச்சு" என்று மோசஸ் மாமா அவர் கையிலிருந்த நாற்காலிகளை வாங்கித் தெருவிலேயே வரிசையாகப் போட்டார். கிறிஸ்மஸ் தாத்தா நாற்காலி போடுவதைப் பார்த்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதல் பாட்டு முடிவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. அந்த மாடி வீட்டு அக்காவும் வந்தார், அவர் பெயர் செல்வி. முன்னால் யாழினி, அந்தப் பெரிய நட்சத்திரத்தைக் கழற்றி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு. "இங்க மாட்டுங்க, அப்பத்தான் அடுத்த வருசம் இவங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"நர்ஸம்மாதான் மொதல்ல எங்க வீட்டுக்கு அனுப்பிச்சாங்கன்னு நெனச்சேங்க" என்றார் செல்வி அக்கா. "ஜெபத்துல அவங்களைச் சொல்றாங்கன்னு புரிஞ்சுச்சு. என் ரெண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தவுங்க. நல்லா இருக்கட்டும்னு நானும் சேந்து கும்பிட்டேன்."

ஐயரம்மா செல்வி அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு ஜாஸ்மின் அக்கா தலையில் கை வைத்து அந்த ஜெபத்தை முதலிலிருந்து மறுபடி சொன்னார். இந்த முறை ஜாஸ்மின் அக்கா அழுதுகொண்டே சிரித்தார். முந்திரிக்கொத்து நூற்றுக்கு மேல் இருந்திருக்கும், ஒன்றுகூட மிஞ்சவில்லை. எனக்கு மட்டும் ஆறு, ஒரு பொட்டலத்தில்.

6.45க்குக் கிளம்பி 7.25க்குக் கோயிலுக்கு வந்தோம். உள்ளே காத்திருந்தவர்கள் பாடகர் குழு இல்லாமலே பாடத் தொடங்கியிருந்தார்கள். நாங்கள் பாடிக்கொண்டே உள்ளே நுழைந்தோம். நானும் முன்னால்தான் நடந்தேன், கடைசி வரிசைக்குப் போகவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: டிசம்பர் தொடக்கத்திலேயே ஏதாவது ஒரு சபையில் கேட்டு வையுங்கள், எந்த மதத்தவர் என்றாலும் ஏற்றிக்கொள்வார்கள். பாடத் தெரிய வேண்டியதில்லை, கைதட்டினால் போதும். மதியம் அரை வயிறு சாப்பிடுங்கள், ஒன்பது வீட்டிலும் முறுக்கு உண்டு. மழைக்காலம், செருப்பு சேறாகும். வண்டி நிற்கும் இடத்தில் நட்சத்திரத்தை மட்டும் நம்பாமல் ஒரு குழந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இப்போது எல்லாக் கடையிலும் நட்சத்திரம் விற்கிறார்கள். தப்பு நடந்தது தெரிந்தால் உடனே சொல்லிவிடுங்கள். நான் மூன்று கிலோமீட்டர் யோசித்தேன், அவ்வளவு தேவையில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் வந்தேன். என் ஸ்டாப் வந்தது. யார் முகத்தையும் பார்க்காமல், "அண்ணே, எறங்கணும்!" என்றேன்.

கண்டக்டர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "கேக்குதும்மா, மெதுவாச் சொல்லு" என்று காதைத் தேய்த்துக்கொண்டே விசிலை ஊதினார்.