மாமியாரின் முழங்கை

வலுசிம்பி எங்கள் மசாக்கா ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஆளைப் பார்த்தால் வாழைக்குலை ஏற்ற வந்தவன் என்றுதான் நினைப்பீர்கள். சர்ச் பாடகர் குழுவில் எல்லோருக்கும் முந்தி உரக்கப் பாடிக் கெடுப்பான். ஆனால் கையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. பக்கவாதம் வந்தவரின் முழங்கையைப் பிடித்து, மடங்கிய கையை ஒரே வீச்சில் நீட்டி, எந்த இடத்தில் தடுக்கிறது, எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்த்து ஓர் எண் சொல்லுவான். சைபர் என்றால் இறுக்கமே இல்லை. நான்கு என்றால் மரக்கட்டை. இதற்கு மீட்டரும் கிடையாது, தராசும் கிடையாது. தொட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அந்தத் தொடுதல்தான் அவன் கழுத்துக்குச் சுருக்காக வந்தது.

அவனுடைய மாமியார் நாகமான்யா பக்கவாதத்தில் விழுந்தாள். உயிர் தப்பியது, பேச்சும் குழறலாகத் திரும்பியது. வலது கை மட்டும் நெஞ்சோடு மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் பூட்டிக்கொண்டன. நகம் சதையில் இறங்கிப் புண்ணாகி, பக்கத்தில் போனாலே வாடை வந்தது. துணி மாற்றக்கூட விரலைப் பிரிக்க முடியவில்லை. வலியில் கத்துவாள்.

கம்பாலாவிலிருந்து டாக்டர் ஒபுரா இறுக்கம் தளர்த்தும் ஊசியோடு வியாழக்கிழமை வருவதாக இருந்தது. கொண்டுவரும் மருந்து கொஞ்சம். அதனால் இன்னும் நெகிழ்வு மிச்சமிருக்கும் கைகளுக்கு மட்டும்தான் போடுவார். நான்கு என்றால் வேண்டாம். யாருக்கு என்ன எண் என்பதை முந்தின நாளே போனில் சொல்லிவிட வேண்டும். அளக்கத் தெரிந்த இன்னொருத்தி நாபோசா பிரசவ விடுப்பில் இருந்தாள். மிச்சம் வலுசிம்பி.

எங்கள் கண்டா இன ஜனங்களில் மருமகன் மாமியாரைத் தொடுவது என்ன, முகத்தைப் பார்ப்பதே கூடாது. இவன் வாசலில் வந்தால் அவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். நலம் விசாரிப்பதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுதான். தொட்டுவிட்டால் கைகால் நடுங்கும் வியாதி வரும் என்பார்கள். படித்தவனாயிற்றே, நீ நம்புகிறாயா என்று கேட்டால் வலுசிம்பி சிரித்து மழுப்புவான். ஆனால் ஒருநாளும் மீறிப் பார்த்ததில்லை.

"நான் எப்படிடீ தொடுறது?" என்று மனைவி நாக்கிட்டோவிடம் கேட்டான். அவள் மத்தோகே வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல இருக்கற எல்லாக் கையையும் தொடுறீங்க. எங்கம்மா கை மட்டும் அழுகிப் போகட்டும், இல்ல?"

"உங்கண்ணன் என்ன சொல்லுவான்?"

"அவன் என்னத்த சொன்னா யாருக்கென்ன? அந்தக் கைய அவனா வந்து கழுவுறான்?"

செவ்வாய்க்கிழமை வார்டுக்குப் போனான். மாமியார் தலைவரை போர்வையை இழுத்திருந்தாள். கால்மாட்டில் மூத்த மைத்துனன் கயீரா, கைகட்டி, போலீஸ்காரன் மாதிரி நின்றான். வலுசிம்பி பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, "மன்னிக்கணும்மா" என்று முணுமுணுத்து மணிக்கட்டைப் பிடித்து நிமிர்த்தினான். பக்கவாதக் கையைச் சட்டென்று இழுத்தால் சில சமயம் மணிக்கட்டு தானாக உதறும். நரம்பு அப்படி. அவன் நூறு பேரிடம் பார்த்தது. அன்றைக்கும் உதறியது.

"பாத்தீங்களாடா! நடுங்குது!" என்று கயீரா அலறினான். "தொட்ட உடனே நடுங்குது! எங்கம்மாவக் கொல்ல வந்தியா?"

"டேய், அது நோயோட குணம்டா. எல்லாருக்கும் வரும்!"

"எல்லாரும் உனக்கு மாமியாரா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். வலுசிம்பி விடாமல் முழங்கையை நீட்டப் பார்த்தான். அசையவில்லை. மரக்கட்டை. நான்கு. ஆனால் அவன் கை பொய் சொல்லாது. அந்த இறுக்கத்தில் பாதி வெட்கம் என்று அதற்குத் தெரிந்தது. பயந்தால் தசை இறுகும், குளிர்ந்தால் இறுகும், கூசினாலும் இறுகும். வேறு யார் தொட்டிருந்தாலும் அந்த எண் வந்திருக்காது. அவளுடைய ஊசிக்குக் குறுக்கே நிற்பவன் அவனேதான். சும்மா மூன்று என்று எழுதிவிட்டால் என்ன? நிஜமாகவே நான்காக இருந்தால், வேறு ஏழையின் மருந்து வீணாகும். எண்ணை எழுதாமலே வீட்டுக்குப் போனான்.

புதன்கிழமை நர்ஸ் பபிர்யேதான் வழி சொன்னாள். "அண்ணே, திரையப் போட்டுடலாம். கயீராவ வெளிய டீ குடிக்க அனுப்பிடுறேன். நீங்க வாயே திறக்கக் கூடாது."

கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தாள். "அம்மா, கம்பாலாவுலருந்து ஒரு பொண்ணு வந்திருக்கா. கைய மட்டும் வெளிய நீட்டுறேன்" என்று பபிர்யே தேனாகப் பேசிக் கையை இடுக்கு வழியே தள்ளினாள். திரைக்கு வெளியே நின்ற வலுசிம்பி வாங்கினான். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு மெதுவாக ஒருமுறை நீட்டினான். பிறகு வேகமாக. பாதி வழியில் தடுத்தது, அப்புறம் முனகிக்கொண்டே விட்டுக்கொடுத்து முழுக்க நீண்டது. மூன்று! சந்தேகமே இல்லாத மூன்று. சந்தோஷத்தில் பபிர்யேயைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அன்று மாலையே எண் கம்பாலாவுக்குப் போனது.

வியாழக்கிழமை ஒபுரா வந்தார். நாட்டின் வடக்குப் பக்கத்துக்காரர், எங்கள் கூச்சமெல்லாம் அவருக்குத் தெரியாது. ஊசி போட்டுவிட்டுக் குடும்பத்தையே கூட்டி வைத்துப் பேசினார்.

"ஊசி பாதி வேலதான். இனிமே தினம் காலையில சாயங்காலம் இந்தக் கைய நீட்டி விடணும். விட்டா மறுபடி பூட்டிக்கும், அடுத்த தடவ நான் தொடக்கூட மாட்டேன். மாசக்கணக்கா செய்யணும்." வலுசிம்பியின் தோளில் தட்டினார். "கைய அளந்து எனக்கு எண் சொன்ன மருமகனே பக்கத்துல இருக்காரே! அம்மா கொடுத்து வச்சவங்க."

கயீரா தரையில் துப்பப் போய், ஆஸ்பத்திரி என்று நினைவு வந்து விழுங்கினான். கம்பாலாப் பெண் என்று ஒருத்தி இல்லை என்பது இப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வலுசிம்பிக்கு ஓடிவிடத் தோன்றியது. எங்கே ஓடுவது? நாளைக் காலையும் இதே வார்டில்தான் அவனுக்கு வேலை.

மறுநாள் காலை வந்து, கட்டிலை நிமிர்ந்து பார்க்காமல் திரையை இழுக்கக் கை வைத்தான்.

"மூடாதீங்க மாப்பிள்ள" என்றாள் நாகமான்யா. சுவர் நடுவில் இல்லாமல் அவன் கேட்ட முதல் பேச்சு அது. "மாசக்கணக்குன்னுட்டார்ல. எத்தன நாள் மூடுவீங்க?"

அவனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வலது கையை மட்டும் இடது கையால் தூக்கி இந்தப் பக்கம் வைத்தாள். அவன் கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னால் கைநீட்டித் தடவி, அந்த முழங்கையைக் கண்டுபிடித்தான்.