வாசிப்புப் போட்டியும் என் துப்பறியும் வேலையும்

பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி நடத்துகிற நூலகர், மூன்றாவது வருஷத்தில் பாதி போலீஸ்காரராகிவிடுவார். எனக்கு இது பதினோராவது வருஷம். மீதிப் பாதியும் போய்விட்டது.

கரமனை ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் வாசகசாலை. மலையாளப் புத்தகங்களுக்கு நான்கு அறை, தமிழுக்கு ஓர் அறை. பதிமூன்று வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பிரிவு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். புத்தகம் கொடுத்து வாங்கும் மேஜையில் ஷீலா சேச்சி உட்கார்ந்திருப்பார். அவருக்கு எல்லாப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். எனக்கு அப்படி இல்லை. உங்களில் யாராவது ‘வாசிப்புப் போட்டி’ என்று ஒரு காகிதத்தை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால், நான் ஏன் இப்படி ஆனேன் என்று சொல்லாமலே தெரியும்.

ஒரு லீவில் முப்பத்தெட்டு

கோடை விடுமுறையில் யார் அதிகம் படிக்கிறார்கள் என்று ஒரு போட்டி வைத்தோம். ஒன்பதாம் வகுப்பு கார்த்திக், அக்ரஹாரத் தெருப் பையன், முப்பத்தெட்டு புத்தகம் படித்ததாக எழுதிக் கொடுத்தான். நாளுக்கு ஒன்று என்று வைத்தாலும் கணக்கு இடித்தது, இடையில் அவனுக்கு அம்மை போட்டிருந்தது, ஒரு கல்யாணத்துக்குப் பாலக்காடு போய் வந்திருந்தான். அவனைத் தனியாக உட்கார வைத்தேன். அந்த முப்பத்தெட்டில் நான் படித்தவை பத்து. பத்திலும் கேள்வி கேட்டேன். கடைசியில் யார் செத்தார், யார் யாரைக் கட்டிக்கொண்டார், பெட்டிக்குள் என்ன இருந்தது, எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னான். நானே மறந்துபோன ஒரு முடிவை அவன் ஞாபகப்படுத்தினான்.

நியாயமாகப் பார்த்தால் அங்கேயே பரிசைக் கொடுத்திருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை. “சரி, அந்தப் பெட்டி அவர்கள் கைக்கு எப்படி வந்தது?” என்றேன். மின்விசிறியைப் பார்த்தான். “அந்தப் பெண் ஏன் வீட்டை விட்டுப் போனாள்?” அதற்கும் மின்விசிறிதான். பிறகு, எனக்குப் புரிய வைக்க வேண்டுமே என்ற கவலையோடு சொன்னான்: “நடுவுல என்ன மாமி இருக்கப்போறது? எல்லாரும் கஷ்டப்படுவா. கடைசி அத்தியாயத்துலதான் சரியாகும். நான் நேரா அங்க போயிடுவேன்.”

சிபாரிசுப் பெட்டி

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி உண்டு. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிப் போடலாம். நிறையப் பேர் கேட்டால் அந்தப் புத்தகம் வாங்கப்படும். இரண்டு வாரமாக ஒரே புத்தகத்துக்குச் சீட்டு வந்துகொண்டே இருந்தது. இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்கான தடிமனான கையேடு அது. பத்தொன்பது சீட்டு, பத்தொன்பது பெயர். நீல மை, கறுப்பு மை, சாய்ந்த எழுத்து, நிமிர்ந்த எழுத்து. ஆனால் எல்லாச் சீட்டும் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரே அளவு. எந்தப் பிள்ளை சீட்டை ஸ்கேல் வைத்துக் கிழிக்கும்?

மூன்று நாள் பேப்பர் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் வந்தார். சுற்றிலும் பார்த்தார். பையிலிருந்து நான்கு சீட்டை எடுத்துப் போட்டார். பிளஸ் ஒன் படிக்கும் ஆனந்தின் அப்பா. ஒரு கம்பெனியில் கணக்கராக இருப்பவர். கையும் களவுமாகப் பிடித்தபோது அவர் அசரவில்லை. “பிள்ளைங்க கேட்டா வாங்குவீங்க மேடம், அப்பன் கேட்டா வாங்குவீங்களா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் முன்னாலேயே பெட்டியைத் திறந்தேன். அவருடைய நான்கு சீட்டுக்கு அடியில், கோணல் மாணலாகக் கிழித்த ஒரு சீட்டு கிடந்தது. ஆனந்தின் கையெழுத்து. இரண்டு பேரும் சேர்ந்துதான் படித்தோம்: “எனக்குப் புக் ஒண்ணும் வேண்டாம். எங்க அப்பாவை மெம்பரா சேர்த்துக்கோங்க, அவருக்கும் ஏதாவது படிக்கக் கிடைக்கும்.”

ஊறுகாய், இரண்டாம் பாகம்

வளரும் வயதில் உடம்பில் என்னென்ன மாறும் என்று ஒரு டாக்டர் எளிமையாக எழுதிய புத்தகம் எங்கள் பிரிவில் இருந்தது. யாரும் அதைக் கார்டில் பதிந்து எடுத்ததில்லை. ஆனால் அடிக்கடி அலமாரியிலிருந்து காணாமல் போகும். போன புத்தகம் சமையல் அலமாரியில், ஊறுகாய்ப் புத்தகங்களுக்கு நடுவில் கிடைக்கும். எடுத்து வந்து இடத்தில் வைப்பேன். மறுபடி ஊறுகாய்க்குப் போய்விடும். எட்டாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் எப்போதும் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். ஆதாரம் எதுவும் தேடாமல் அவர்களைப் பிடித்துத் திட்டினேன். அவர்கள் ஒரு வாரம் வரவில்லை. புத்தகம் மட்டும் அந்த வாரமும் ஊறுகாய்க்குப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை, சமையல் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து அனகா அதைப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு. வாயைத் திறக்காத பெண். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. வீட்டுக்கு எடுத்துப் போனால் கார்டில் பெயர் ஏறும், கார்டை அம்மா பார்ப்பாள் என்றாள். வீட்டில் கேட்க யாரும் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அவளை எழுப்பவில்லை. நான்தான் அங்கிருந்து போனேன்.

அந்தப் பையன்களைத் தேடிப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். பிறகு புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டு, ‘ஊறுகாய் வகைகள், இரண்டாம் பாகம்’ என்று நானே எழுதி, அது போக விரும்பிய இடத்திலேயே வைத்துவிட்டேன். அடுத்த மாதம், உறுப்பினராக இருக்கும் ஓர் அம்மா மேஜைக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் சொன்னது இது: “அதுல ஊறுகாய் ஒண்ணுகூட இல்ல மேடம். பரவாயில்ல, என் பொண்ணு படிச்சிட்டிருக்கா, ரெண்டு நாள் கழிச்சுத் தரேன்.”

கல்லாறு முகாம்

கல்லாற்றங்கரையில் ஒரு பகல் வாசிப்பு முகாம் நடத்தினோம். போனைக் கொடுத்தால்தான் பஸ்ஸில் ஏறலாம் என்று சொல்லியிருந்தேன். பதினேழு பிள்ளைகளும் வரிசையாக வந்து, முகம் சுளிக்காமல், என் துணிப்பையில் போனைப் போட்டார்கள். ஒரு பெண் “தேங்க்யூ மேடம்” என்றுகூடச் சொன்னாள். பஸ் நெடுமங்காடு தாண்டும் வரைக்கும் அந்தத் தேங்க்யூவையே யோசித்துக்கொண்டு வந்தேன். பிறகு பையிலிருந்து ஒரு போனை எடுத்து அழுத்தினேன். உயிர் இல்லை. இன்னொன்று. அதற்கும் இல்லை. ஒன்றின் உள்ளே பேட்டரியே இல்லை.

இறங்கியதும் பிள்ளைகள் பாறைகளுக்குப் பின்னால் மறைந்தார்கள். ஐந்தாவது நிமிஷம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். அங்கே சிக்னல் கிடைக்காது என்பதை நானும் அவர்களிடம் சொல்லவில்லை. மத்தியானம் வரை ஆற்றுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. எங்கள் போட்டிகளில் இவ்வளவு அமைதியாக எதுவும் நடந்ததில்லை. நான் வெற்றிபெற்ற முகத்தோடு பையை ஷீலா சேச்சியிடம் காட்டினேன். அவர் உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான் படிக்கிற காலத்துல தெருவுக்கு ஒரு போன் இல்ல. இப்போ செத்த போனே வீட்டுக்கு மூணு உண்டு, கேட்டோ.”

ஒன்பதாம் மாடி

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தமிழ்ச் சிறுகதைப் போட்டி. கம்ப்யூட்டர் கதை எழுதித் தரும் காலம் என்பதால், ‘கதை தமிழில், சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும்’ என்று ஆறாவது விதியை நானே எழுதிச் சேர்த்திருந்தேன். மாரிச்செல்வி என்ற பத்தாம் வகுப்புப் பெண் ஒரு கதை கொடுத்தாள். அப்பா கட்டடங்களில் கம்பி கட்டுகிறவர். அம்மா பேச்சியம்மாள் பழவங்காடியில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கதையில் ஒரு சிறுமி, கட்டிக்கொண்டிருக்கிற அடுக்குமாடிக் கட்டடத்திலேயே குடியிருக்கிறாள். கட்டடம் உயர உயர அவள் வீடும் மாடி மாடியாக மேலே போகிறது. ஒவ்வொரு மாடிச் சுவரிலும் அவள் அப்பா அவளுடைய உயரத்தைக் கரியால் கோடு போட்டு வைக்கிறார். வேலை முடிந்து, பூச்சும் பெயின்டும் அடித்த பிறகு, ஒன்பதாம் மாடிக் கோட்டைப் பார்க்க வந்த அவளை செக்யூரிட்டி கேட்டுக்குள் விடவில்லை. அவ்வளவுதான் கதை.

படித்து முடித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, சந்தேகம். இந்தப் பெண் படிப்பது மலையாளப் பள்ளியில். கதையில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. நடுவரான கிருஷ்ணன் சார், ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர், அவரும் உதட்டைப் பிதுக்கினார். அவளைக் கூப்பிட்டு, காகிதம் கொடுத்து, “உங்க வீட்டைப் பத்தித் தமிழ்ல அரைப் பக்கம் எழுது” என்றேன். அரை மணி நேரத்தில் ஏழு வரி எழுதினாள். ‘ன’ வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘ந’. ‘நாந் வந்தேந்’ என்று எழுதியிருந்தாள். எழுத்துகள் முதல் வகுப்புப் பிள்ளை போட்டது மாதிரி நடுங்கின. மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, “இது நீ எழுதினது இல்ல” என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் அதற்குள் கதையின் மேல் கோடு கிழித்துவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்காம் நாள் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பேச்சியம்மாள் ஒரு வேதியியல் நோட்டை மேஜையில் வைத்தார். முன்பக்கங்களில் பாடம், டீச்சரின் சிவப்பு மைக் கையெழுத்து. பின்பக்கங்களில், அடித்தும் திருத்தியும், மலையாள எழுத்தில் என்னவோ நெருக்கி எழுதியிருந்தது. அப்போதும் நான், இது நேற்று ராத்திரி தயார் செய்ததாக இருக்குமோ என்று மையின் நிறத்தைத்தான் பார்த்தேன். ஷீலா சேச்சி நோட்டை வாங்கி உரக்க வாசித்தார். இரண்டு வரி வாசித்ததும் நிறுத்தி, “மேடம், இது மலையாளம் அல்ல” என்றார்.

எழுத்து மலையாளம். பாஷை தமிழ். அவர்கள் வீட்டில் பேசுகிற தமிழ். பேச மட்டுமே தெரிந்த மொழியை, எழுதத் தெரிந்த எழுத்தில் எழுதியிருக்கிறாள். ஊரில் எட்டாவது வரை படித்த அம்மா, பெண் வாசிக்க வாசிக்க, அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மலையாளத்தில் ந-வுக்கும் ன-வுக்கும் ஒரே எழுத்துதான். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கும் எனக்கு அது தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

“அன்னைக்கே ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொல்ல வந்தேன் டீச்சர். ஆறாவது ரூல்ல சொந்தக் கையெழுத்துன்னு இருந்துச்சு. கையெழுத்து அம்மாது. சொன்னாலும் வெட்டிருவீங்கன்னு பயந்துட்டேன்” என்றாள் மாரிச்செல்வி.

கிருஷ்ணன் சாரை வரவழைத்தேன். அவரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். விதி விதிதான் என்றார். அந்த விதியே நான் எழுதியது. ஷீலா சேச்சிதான் நோட்டைத் தூக்கிக் காட்டி, “இது அவளோட சொந்தக் கையெழுத்து அல்லே சார்? பாஷை தமிழ் அல்லே? எந்த எழுத்துல எழுதணும்னு நோட்டீஸ்ல எங்க இருக்கு?” என்றார். சார் நோட்டீஸை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு அவளையே முழுக் கதையையும் வாசிக்கச் சொன்னார். ஒன்பதாம் மாடி வந்ததும் அவர், “அந்த வரியை இன்னொரு தடவை வாசிம்மா” என்றார். கடைசியில் இரண்டாம் பரிசு. முடிவில் இன்னும் கொஞ்சம் உழைத்திருக்கலாம் என்றார். அதில் எனக்கும் அவருக்கும் இன்றுவரை சண்டை உண்டு.

பரிசளிப்பு அன்று மேடைக்கு அம்மாவையும் பெண்ணையும் சேர்த்தே கூப்பிட்டு, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அது என் பெருந்தன்மை இல்லை. நோட்டைக் கொண்டுவந்த அன்றே, மாரிச்செல்வியிடம் மட்டும் மெதுவாக “ஸாரிம்மா” என்று முடித்துக்கொள்ளப் பார்த்தேன். பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “கதை அவளுக்குள்ளது, எழுத்து எனக்குள்ளது. களவாணின்னு ரெண்டு பேரையும்தான சொன்னிய? அதையும் எல்லாப் பிள்ளையளும் பாக்கத்தான சொன்னிய?”

அடுத்த போட்டிக்கு விதிகளை எட்டிலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டேன், அந்த மூன்றும் யாரைப் பிடிக்கும், யாரை வீணாகப் பிடிக்கும் என்பதுதான் இப்போதைக்கு என் சந்தேகம்.