கண்டக்டர் இல்லாத ஹெலிகாப்டர்

என் மனைவி பிறந்த ஊர் அறந்தாங்கி போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே அம்மன் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். கலசத்தில் நீர் ஊற்றுகிற நேரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவ வேண்டும் என்று, குவைத்தில் இருக்கும் என் மைத்துனர் முடிவு செய்துவிட்டார். பக்கத்து ஊரில் தூவினார்களாம், நம் ஊருக்கு என்ன குறைச்சல் என்று போனில் கேட்டார். எனக்கு வாயில் வந்த கேள்வி வேறு.

"அதுல ஓட்டுறவுங்க எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான் மச்சான். பைலட் ஒருத்தரு, நம்ம ஆளுங்க மூணு பேரு, அப்புறம் பூக்கூடை."

"ஒருத்தர்தானா?"

"ஏன், டவுன் பஸ்ஸுக்கு ரெண்டு டிரைவரா போடுறாங்க?"

ரெண்டு டிரைவர் இல்லை, ஆனால் ரெண்டு ஆள் உண்டு என்றேன். நான் பேருந்துகளில் ஏறி டிக்கெட் சோதிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஏறியவுடன் தலைகளை எண்ணுவதுதான் அந்த வேலையின் முதல் பாடம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனால் வாசல் எத்தனை என்று எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். கண்டக்டர் என்றால் டிக்கெட் கிழிக்கிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். படியில் தொங்குகிறவனை உள்ளே இழுப்பதும், பின்னால் வண்டி வருகிறதா என்று பார்ப்பதும், டிரைவரிடம் சண்டைக்குப் போகிறவரை நடுவழியில் மறிப்பதும் அவர்தான். டிரைவரின் கண் ரோட்டில் இருப்பது அவரால்தான். ஆகாயத்தில் போகிற வண்டியில் அந்த ஆளே இல்லை என்றதும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் மதியம் ஹெலிகாப்டர் வந்து, வறண்டு கிடந்த கண்மாயில் இறங்கியது. ஊரே ஓடியது. நானும் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். புழுதி அடங்கியபோது என் கையில் ஒரு செருப்பு இருந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. மேலே இறக்கை இரண்டு, வாலில் சின்ன இறக்கை இரண்டு, உள்ளே இருக்கை ஐந்து. எண்ணி முடிப்பதற்குள் பைலட் இறங்கிவிட்டார். என் மகன் வயது இருக்கும். அவருடைய மெக்கானிக்குகள் முன்னதாகவே எண்ணெய் வேனோடு வந்து கயிறு கட்டிக் காத்திருந்தார்கள்.

பூசாரி சந்தனமும் குங்குமமும் எலுமிச்சம்பழமுமாகத் தயாராக நின்றார். புது வண்டிக்குச் செய்வதுபோல முன்கண்ணாடியில் மூன்று பட்டை போடப் போனவரைப் பைலட் ஓடிவந்து தடுத்தார்.

"கண்ணாடில மட்டும் வேண்டாம் சாமி. எனக்கு ரெண்டு கண்ணுதான், ரெண்டையும் மறைச்சுடாதீங்க. வால்ல வைங்க."

"சரி, எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்துல வைக்கிறது?"

எல்லோரும் குனிந்து பார்த்தோம். சக்கரமே இல்லை. இரண்டு குழாய்கள்தான் தரையில் படுத்திருந்தன. மேலே கிளம்புகிற வண்டி பழத்தை எப்படி நசுக்கும் என்று பூசாரி வெகுநேரம் யோசித்தார். கடைசியில் பழத்தைப் பைலட்டின் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டார்.

ஆபத்து பழத்தில் இல்லை, மரியாதையில் இருந்தது. அந்தக் கோவில் மூன்று கரைக்குச் சொந்தம். கரை என்றால் கோவிலில் உரிமை உள்ள பங்காளிகள் கூட்டம். தேங்காய் உடைப்பது முதல் திருநீறு வாங்குவது வரை முதல் கரை, இரண்டாம் கரை, மூன்றாம் கரை என்ற வரிசை பிசகக் கூடாது. பிசகினால் கோவிலைப் பூட்டிவிடுவார்கள், பூட்டியும் இருக்கிறார்கள். ஆகவே கரைக்கு ஒருவர் பறந்து, அதே வரிசையில் பூப்போட வேண்டும். முதல் கரைக்கு அதன் பெரியவர், இரண்டாம் கரைக்கு என் மைத்துனர், மூன்றாம் கரைக்கு ஒரு கடைக்காரர் என்று முடிவாகியிருந்தது. கோவிலுக்கு மேலே போனதும் "முதல் கரை போடுங்க, ரெண்டாங்கரை போடுங்க" என்று வரிசை கூப்பிடுகிற வேலையைக் கமிட்டியார் பைலட்டுக்குக் கொடுத்திருந்தார்கள்.

முதல் கரைப் பெரியவர் காரணத்தை விளக்கினார். "உள்ளூர்க்காரன் கூப்பிட்டா அது இதுன்னு பேச்சு வரும் தம்பி. நீங்க வெளியாளு. நீங்க கூப்பிட்டா ஒருத்தரும் மறுப்புச் சொல்ல மாட்டாங்க."

"அதோட, கலசத்துக்கு நேரா ஒரு அஞ்சு நிமிசம் அப்படியே நிறுத்திக்கங்க. பத்தலைன்னா கீழ இருந்து ஒருத்தரைப் போன் அடிக்கச் சொல்றேன்" என்றார் மைத்துனர். ஊருக்கு வந்து இறங்கியதிலிருந்து அவர் போனும் காதுமாகத்தான் இருந்தார்.

எனக்கு அது, ஓடுகிற பஸ்ஸில் டிரைவரின் தோளைத் தட்டி, சீட்டு யாருக்கு என்று பஞ்சாயத்துக் கேட்பதுபோல இருந்தது. நான் எழுந்து, மேலே போனபிறகு அவரிடம் யாரும் எதுவும் பேசக் கூடாது என்றேன். மூன்றாம் கரைக்காரர், அறந்தாங்கியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், சிரித்தார். "மாப்பிள்ளை இங்கயும் செக்கிங் வந்துட்டாரு. எல்லாரும் டிக்கெட்டை எடுத்து வச்சுக்கங்கப்பா."

பைலட் சிரிக்கவில்லை.

"சார் சொல்றது சரிங்க. ரெண்டு கையும் ரெண்டு காலும் வேலையில இருக்கும். காதுல ரேடியோ. கண்ணு கம்பியையும் பறவையையும் தேடிக்கிட்டு இருக்கும். மிச்சம் வாய் ஒண்ணுதான். பக்கத்துல இன்னொரு பைலட் இருந்தா, அவர் ஒவ்வொண்ணாப் படிப்பாரு, நான் செய்வேன். ஆள் இல்லாததால நானே படிச்சு, நானே செய்யணும். அந்த வாயையும் உங்க வரிசைக்குக் குடுத்துட்டா நான் எதால படிக்கிறது?"

இதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "மேல உங்களுக்கே ஒரு மயக்கம் கியக்கம் வந்துச்சுன்னா?" என்று கேட்டுவிட்டேன். என் மனைவி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அவர் மழுப்பவில்லை. "வந்தா கஷ்டந்தான் சார். பிடிக்க ஆள் இல்லை. அதனால வராத மாதிரிதான் எல்லாம் பண்றது. சரியாத் தூங்கலைன்னா எடுக்க மாட்டேன். லேசாக் காய்ச்சல்னாலும் எடுக்க மாட்டேன். மேல போய் என்னோட சண்டை போட ஆள் கிடையாது. அதனால தரையிலேயே நானே என்னோட சண்டை போட்டு முடிச்சுக்குவேன். எத்தனை சுத்து, எவ்வளவு உயரம், எதைப் பாத்தா திரும்பிடணும், எல்லாம் இங்கயே முடிவு. கலசத்துக்கு மேல நிறுத்த மாட்டேன். மெதுவாத் தாண்டிப் போவேன், அப்பப் போட்டுக்கங்க. மேல வந்து மாத்திப் பேசினா நான் கேக்க மாட்டேன். இப்பவே சொல்லிடுறேன்."

எனக்கு அந்த இளைஞரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்து எடை. நெல் மூட்டை நிறுக்கிற தராசைக் கொண்டுவரச் சொல்லி, பைலட் பறக்கிற மூவரையும் பூக்கூடைகளையும் நிறுத்தார். எல்லாம் சேர்ந்து கூடுதலாக இருந்தது. கூடுதலாக இருந்தது என் மைத்துனர்தான். கைக்கடிகாரம், மோதிரம், இரண்டு போன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். தராசு இரங்கவில்லை.

"பூவைக் குறைச்சுக்கலாமே" என்றார்.

"கலசத்துக்குப் பூவா, ஒன் தொந்தியா?" என்றார் முதல் கரைப் பெரியவர். "ஒங்க அக்காவை ஏத்து. அவளும் அந்த வீட்டுல பொறந்தவதானே."

என் மனைவி கூட்டத்தைப் பார்த்தாள், ஹெலிகாப்டரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நின்றாள். முள் சரியான இடத்தில் நின்றது. அதுவரை ஊருக்காகப் பயந்துகொண்டிருந்தவன் அந்த நிமிஷத்திலிருந்து எனக்காகப் பயந்தேன். அவளுக்கோ முகம் முழுக்கச் சிரிப்பு. இதுவரை அவள் ஏறிய மிக உயரமான வண்டி, ஒரு சுற்றுலாவில் ஏறிய மாடி பஸ்தான்.

வரிசை கூப்பிடுகிற வேலையும் அவளுக்கே வந்தது. அதுவும் அவளாகவே வாங்கிக்கொண்டது. "முதல் கரை அண்ணன் போடுங்கன்னு நான் சொன்னா அண்ணனுக்கு மரியாதை கொறைஞ்சு போயிருமா?" என்று பெரியவரைக் கேட்டாள். "ஒன் வாயால கேக்க நல்லாத்தான் ஆத்தா இருக்கும்" என்றார் அவர். மூன்றாம் கரைக்காரருக்கும் மறுக்க வழியில்லை.

பைலட் அவளுக்கு மட்டும் இன்னொரு வேலையும் கொடுத்தார். அவர் உட்காருவது வலது பக்கம், அவளுக்கு இடம் பின்வரிசையில் இடது ஜன்னல் ஓரம். "அந்தப் பக்கம் எனக்குச் சரியாத் தெரியாதும்மா. பறவையோ கம்பியோ கிட்டக்கத் தெரிஞ்சா கத்தாதீங்க, என்னைத் தொடாதீங்க. மைக்குல ரெண்டே வார்த்தை. எந்தப் பக்கம், என்ன பொருள். அவ்வளவுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க வாங்க. இந்த ஊர்ல கம்பி எங்கெங்க போகுதுன்னு நடந்தே பாத்துடுவோம்."

அதை நான் வந்த அன்றே எண்ணி வைத்திருந்தேன். செல்போன் கோபுரம் இரண்டு, மேல்நிலைத் தொட்டி ஒன்று, கோவிலுக்குக் கிழக்கே மின்கம்பி வரிசை மூன்று. அதோடு தைலமரக் காட்டுக்குள் இருக்கிற போர் மோட்டாருக்குப் புதிதாக இழுத்த ஒரு கம்பி. மரத்துக்குள் மரமாக மறைந்து கிடந்த அதைக் காட்டியபோது அவர் நின்று பார்த்துவிட்டு, "இது மேல இருந்து தெரியவே தெரியாது" என்றார். அன்று இரவு எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

மறுநாள் காலை யாகசாலையிலிருந்து குடங்கள் புறப்பட்டபோது நான் கண்மாய்க் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பைலட் ஏறுவதற்குமுன் ஹெலிகாப்டரைச் சுற்றிவந்து, ஒவ்வோர் இடமாக விரலை நீட்டி, தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டார். "இவரும் மந்திரம் சொல்லித்தான்யா எடுக்கிறாரு" என்றார் பக்கத்தில் நின்றவர். என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காதுக்கருவியை மாட்டி, கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். தலைகளை எண்ணினேன். நான்கு. அது புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேலே போனது.

கோவிலுக்கு ஓடினேன். மேளம், குலவை, கோபுரத்தின்மேல் சாரம், அதில் குடத்தோடு குருக்கள். கலசத்தில் நீர் விழுந்தது. எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில் எல்லோரும் வானத்தைத்தான் பார்ப்பார்கள். கருடன் வந்து வட்டமிட்டால்தான் அம்மன் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஒரு கருடன் வந்தது. ஆயிரம் கைகள் தலைக்குமேல் கூடின. நானும் கும்பிட்டேன், ஆனால் என் கண் வேறொன்றில் நின்றது. கருடனுக்கு நேராக, வடக்கேயிருந்து ஹெலிகாப்டர் வந்துகொண்டிருந்தது. நாங்கள் கம்பியை எண்ணினோம், கோபுரத்தை எண்ணினோம். ஊரே கூப்பிட்டு வரவழைக்கிற இந்தப் பறவையை ஒருவரும் எண்ணவில்லை.

ஹெலிகாப்டர் கிட்டே வந்தது. பூ விழப்போகிறது என்று எல்லோரும் முகத்தை நிமிர்த்தினார்கள். அது சட்டென்று வலது பக்கம் சாய்ந்து, ஒரு பூவும் போடாமல், காட்டுப் பக்கம் விலகிப் போய்விட்டது.

"என்னய்யா இது, பாத்துட்டுப் போறாரு?"

மைக் செட்டில் அறிவிப்பு ஒலித்தது. "ஹெலிகாப்டர் பைலட் அவர்கள் உடனடியாகக் கோவிலுக்கு மேலே வரவும்." மைத்துனர் போனை எடுத்து நம்பரைத் தேடினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுங்க மச்சான், நேரம் போகுது."

"ஒங்க அக்கா உள்ள இருக்கா மாப்ளே. அந்த ஆளுக்கு மூணாவது கை கெடையாது. எந்தக் கையை எடுத்து ஒங்க போனை எடுப்பாரு?"

அவர் வானத்தைப் பார்த்தார். போனைச் சட்டைப்பையில் போட்டார். கருடன் இன்னும் இரண்டு வட்டம் போட்டுவிட்டுக் கிழக்கே போனது. காட்டின்மேல் பொறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் திரும்பி, மேற்கேயிருந்து மெதுவாக வந்தது. ரோஜா இதழும் செவ்வந்தி இதழும் கொட்டின. இறக்கைக் காற்றில் மூன்று கரைப் பூவும் கலந்து, சுழன்று, கோபுரத்திலும் ஆலமரத்திலும் போலீஸ்காரர் தொப்பியிலும் விழுந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. தொண்டை கட்டிப்போயிருந்ததால் நானும் ஏதோ கத்தியிருக்கிறேன்.

கண்மாய்க்குத் திரும்பி ஓடி, இறக்கை நிற்கும்வரை கயிற்றைத் தாண்ட நான் யாரையும் விடவில்லை. நான்கு தலைகள் இறங்கின.

"எத்தனை கருடன் பாத்தீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒண்ணு."

"ரெண்டு. நீங்க பாத்ததைத்தான் அந்தத் தம்பியும் பாத்துக்கிட்டு இருந்துச்சு, அதுக்குத் தக்கன இடது பக்கமா ஒதுங்கப் போச்சு. இன்னொண்ணு கீழருந்து என் ஜன்னலுக்கு நேரா ஏறுது. 'இடது, கருடன்'னேன். அடுத்த நொடி வண்டி வலது பக்கம் சாஞ்சிருச்சு. இவரு என்னடான்னா, 'தம்பி பூவு, தம்பி பூவு'ன்னு அலறுறாரு." மூன்றாம் கரைக்காரர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். அவருடைய மைக்கைப் பைலட் தரையிலேயே அணைத்து வைத்திருந்தார். அது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பூசாரி பைலட்டுக்குப் பரிவட்டம் கட்டினார். வரிசை எண் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பைலட் சட்டைப் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மனைவியிடம் கொடுத்து, "இன்னிக்கு எனக்கு ரெண்டாவது ஆள் இருந்தாங்க சார்" என்றார் என்னிடம்.

சாயங்காலம் மைத்துனர் காரில் எங்களைத் திருக்கோகர்ணத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். பாதி வழியில் அவர் போன் அடித்தது. ஒரு கையால் எடுக்கப் போனவரிடமிருந்து என் மனைவி பின்சீட்டிலிருந்தே அதை வாங்கிக்கொண்டாள்.

"அவரு ஓட்டிக்கிட்டு இருக்காருங்க. எறங்கினதும் பேசுவாரு."

மைத்துனர் இரண்டு கையையும் ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோனார். நான் வழக்கமாகச் சொல்கிற பிரேக், வளைவு, லாரி எதையும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு திருப்பத்தில் மட்டும், புதருக்குப் பின்னாலிருந்து சாலைக்கு வரப் பார்த்தவற்றைக் கண்டு, "இடது, ஆடு" என்றேன்.

கார் மெதுவானது. ஐந்து ஆடுகள் கடந்து போயின.